காப்பு நிலமும் வாழ்நிலமும்: சுண்டிக்குளத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுதினோர் பெரும்பாலும் குளங்களையும் வன்னியர் ஆட்சியையுமே தம் ஆய்வின் பொருளாகக் கொண்டனர். அப்பெருநிலம் கடலைத் தொடும் வடகீழ் எல்லையில், மணலும் உவர்நீரும் முட்புதரும் கலந்து கிடக்கும் சுண்டிக்குளம் அவர்தம் கவனத்தை அத்துணை ஈர்க்கவில்லை. ஆயினும், ஒரு நிலத்தை இயற்கைக்கென ஒதுக்குதல் என்னும் அரச செயல் அந்நிலத்தை நம்பி வாழ்வோரை எங்ஙனம் தொடுகின்றது என அறிய விழைவோர்க்கு இப்பிரதேசத்தின் வரலாறு பயன்மிக்கதாகும்.

இலங்கையின் உலர் வலயத்துள்ளும் வறட்சி மிக்க பகுதிகளுள் இக்கரையோரம் ஒன்று. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரி காலத்திலேயே பொழிந்துவிடும். வவுனியாப் பகுதியிலிருந்து வடக்கு நோக்கிவரும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிறைத்து, எஞ்சிய நீரை ஆனையிறவுக் கடனீரேரியிற் சேர்க்கும். அந்நீர் சுண்டிக்குளத்து வாய்வழியே கடலை அடையும். கோடையிலோ நீர் வற்றி உப்புப் பூத்த வெளியே எஞ்சும். பனையும் சதுரக்கள்ளியும் முட்புதரும் அவ்வெளியைச் சூழ்ந்து நிற்கும். சதுரக்கள்ளி தோற்றத்தால் அமெரிக்கப் பாலைநிலக் கள்ளிகளை ஒத்ததெனினும் குடும்பத்தால் வேறானது. நீரின்மை என்னும் ஒரே நெருக்கடிக்கு இரு கண்டத்துச் செடிகள் தனித்தனியே கண்ட ஒரே விடை அது.

ஆனையிறவு என்னும் பெயரே இப்பகுதியின் பழைய பயன்பாட்டை உணர்த்தும். வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் ஆழமற்ற இந்நீர்ப்பரப்பைக் கடந்து குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆங்கிருந்து இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டன. வன்னியர் ஒல்லாந்தருக்குச் செலுத்திய திறையிலும் யானை முதலிடம் பெற்றது. ஆகவே, இந்நிலத்து உயிரினங்களை முதன்முதலிற் கணக்கிட்டோர் அவற்றைக் காக்கும் நோக்குடன் கணக்கிடவில்லை. விற்கும் நோக்குடனேயே கணக்கிட்டனர் எனலாம்.

காத்தல் என்னும் எண்ணம் சட்ட வடிவம் பெற்றது பிரித்தானியர் ஆட்சியின் இறுதிப் பகுதியிலாகும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1938இல் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மாரியோடு வரும் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் அதற்குக் காரணமாயின. சரணாலயம் என்னும் வகையுள் தனியார் நிலமும் அடங்கலாம். மக்களின் வழமையான தொழில்களுக்கும் ஆங்கு இடமுண்டு. எனவே, மீனவரும் கமக்காரரும் பறவைகளும் அந்நிலத்தை நெடுங்காலம் பகிர்ந்து வாழ்ந்தனர்.

இதே நீர்ப்பரப்பை வேறொரு கண்கொண்டு நோக்கியவர் பொறியியலாளர் ஆறுமுகம் ஆவார். 1950களில் அவர் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம், கடனீரேரியின் வாய்களை அணைகட்டி மூடி அதனை நன்னீரேரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்கு நீர்கொண்டு செல்ல எண்ணியது. பணிகள் தொடங்கப்பட்டும் நிறைவுறவில்லை. சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் உடைத்தது. வீணே கடலிற் சேரும் நீர் என்று குடாநாட்டு உழவர் கருதிய அதே நீர், இறால் பிடிப்போர்க்கும் பறவைக்கும் வாழ்வாதாரமாயிருந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பின்னர் வந்த காலம் போரின் காலம். 1991இலும் 2000இலும் ஆனையிறவு பெரும் போர்க்களமாயிற்று. 2004 மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களை அழித்தது. 2009இன் இறுதிப் போரில் மக்கள் முற்றாக இடம்பெயர்ந்தனர். மனிதர் அகன்ற நிலத்தில் காடு வளர்ந்தது. மீண்டு வந்தோர் தம் வயலும் மேய்ச்சல் தரையும் எங்கிருந்தன என்று தேடவேண்டிய நிலை உண்டாயிற்று.

அந்நிலையிலேயே 2015இல் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. இம்மாற்றம் பெயரளவினதன்று. தேசியப் பூங்காவினுள் அனுமதிச் சீட்டின்றி எவரும் புகலாகாது. புகுவதற்குரிய காரணமும் விலங்குகளைக் காண்டலும் ஆராய்தலுமேயாம். நேற்றுவரை தொழில் செய்யச் சென்றவன் இன்று பார்வையாளனாகவே செல்லலாம் என்பது இதன் பொருள்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், தூசான் நகரின் இருமருங்கும் அமைந்த சகுவாரோ தேசியப் பூங்கா இதற்கு நல்ல ஒப்புமையாகும். நாற்பது அடிக்கு மேலும் உயர்ந்து, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்ல பெருங்கள்ளிகளைக் காக்க 1933 மார்ச் 1இல் அது தேசிய நினைவுச்சின்னமாக ஒதுக்கப்பட்டது. 1994இல் தேசியப் பூங்காவாயிற்று. சுண்ணாம்புச் சூளைகளுக்காக மரங்கள் வெட்டப்பட்டமையும் கால்நடைகள் இளங்கன்றுகளை மிதித்தமையும் அங்கு பெருங்கேடு விளைத்தன. இளங்கள்ளி சிறு மரங்களின் நிழலிலேயே பிழைத்து வளரும். நிழல் அழிந்தால் பெருங்கள்ளிக்கு வழித்தோன்றல் இல்லை. ஆயினும், அந்நிலத்தின் தொல்குடியினராகிய தொகோனோ ஓதாம் மக்கள் கோடையின் தொடக்கத்தில் நீண்ட கோல்கொண்டு கள்ளிப்பழம் பறிக்கும் மரபைப் பூங்காவினுள்ளும் தொடர இடமளிக்கப்பட்டுள்ளது. அப்பழச்சாற்றிலிருந்து ஆக்கும் மது அவர்தம் மழை வேண்டும் சடங்குக்குரியது. சூளைக்காரனின் கோடரியும் தொல்குடியின் கோலும் ஒன்றல்ல என அங்கு பிரித்துணரப்பட்டது.

சுண்டிக்குளத்துக்கும் இப்பிரித்துணர்வே வேண்டப்படுவது. கட்டுப்பாடற்ற மரவெட்டும் மணலகழ்வும் ஒருபுறம். தலைமுறைகளாக வீச்சுவலையோடு இறால் பிடித்தவனின் தொழில் மறுபுறம். இரண்டையும் ஒரே தடையால் அடைக்கும் சட்டம் பறவையைக் காப்பினும், அப்பறவையின் வரவை நாளெண்ணிச் சொல்லவல்ல மனிதனை இழந்துவிடும். பெருங்கள்ளிக்குச் சிறுமரத்து நிழல் போன்றது காப்பு நிலத்துக்கு அயலூராரின் இசைவு. அது வெட்டுண்ட இடத்தில் எக்காப்பும் நெடிது நிலைப்பதில்லை.