கடலோர வீடுகளில் மரத்தரை

மரத்தரை என்பது, ஒரு பலகையின் விளிம்பிலுள்ள நாக்கு அடுத்த பலகையின் காடியில் பொருந்தும்படி கோத்து, கான்கிரீட் தளத்தின்மேல் அமைக்கப்படும் தரையாகும். திருவான்மியூர் போல வங்கக் கடலை ஒட்டிய பகுதிகளில் காற்றின் ஈரம் இயல்பாகவே மிகுந்திருந்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் மேலும் கூடுவதால், மரம் இழைக்குக் குறுக்காக உப்புவதைக் கணக்கிற்கொள்ளாமல் சுவரோடு நெருக்கிப் பதிப்பதே தரை நடுவில் எழும்பி நிற்பதற்கு முதன்மைக் காரணமாகிறது. சுவரோரம் ஏறத்தாழ 10 மி.மீ. இடைவெளி விட்டு, அதனை ஸ்கர்டிங் பட்டையால் மறைப்பது வழக்கம்.

எளிதில் புலப்படாத பிழை, புதிய தளம் முற்றிலும் உலருமுன் பலகை இடுவது. மேற்பரப்பு காய்ந்து தோன்றினும் உள்ளீரம் பல வாரங்கள் மேலேறிக்கொண்டிருக்குமாதலால், பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் தளத்தில் ஒட்டி, ஒரு நாள் கழித்து அடியில் நீர்த்துளி அரும்பியுள்ளதா எனப் பார்ப்பர். இது தோராயச் சோதனையே, ஈரமானிக்கு ஈடன்று. பலகைகளையும் சில நாள்கள் அதே அறையில், ஏ.சி. வழக்கம்போல் இயங்கும் நிலையில், கிடத்திவைத்தல் வேண்டும். தேக்கின் வைரப்பகுதி கரையானைத் தாங்குமெனினும், மரநார் அட்டையை உள்ளீடாகக் கொண்ட லேமினேட் பலகைகளுக்கு அவ்வலிமை இல்லை. வாளி நீரூற்றித் தரை கழுவும் சென்னை வழக்கத்தை அவை சிறிதும் பொறுப்பதில்லை.