ஊரில்லாத அணி

அமெரிக்க பேஸ்பால் வரலாற்றிலேயே மோசமான அணி எது என்று கேட்டால், புள்ளிவிவரப் புத்தகங்கள் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லும்: 1899ஆம் ஆண்டின் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ். ஆடிய ஆட்டங்கள் 154. வென்றவை 20. தோற்றவை 134. அந்தப் புத்தகங்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. எண்களில் பிழையில்லை. அவற்றை யார் கணக்கில் எழுதினார்கள் என்பதில்தான் வழக்கு.

கதையை ஒரு டிராம் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். ஃபிராங்க் ராபிசன், ஸ்டான்லி ராபிசன் என்ற சகோதரர்கள் கிளீவ்லாந்து நகரில் டிராம் பாதைகளை நடத்திவந்தார்கள். பேஸ்பால் அணியும் அவர்களுடையதுதான். 1891இல் அணிக்காக ‘லீக் பார்க்’ என்ற மைதானத்தைக் கட்டியபோது, தங்கள் டிராம் நிற்கும் இடமாகப் பார்த்தே கட்டினார்கள். ஆட்டம் பார்க்க வருகிறவன் டிராமுக்கு ஒரு முறை, மைதான வாசலில் ஒரு முறை என்று இரண்டு தடவை அவர்களுக்கே காசு கொடுப்பான். அந்த ஆண்டு மே 1ஆம் தேதி மைதானம் திறக்கப்பட்டது. முதல் ஆட்டத்தில் பந்து வீசி வென்றவர், ஒஹையோ கிராமப்புறத்திலிருந்து வந்த 24 வயது விவசாயி மகன் சை யங். பிற்காலத்தில் 511 வெற்றிகளோடு ஓய்வு பெற்றவர். எந்த பிட்ச்சரும் இன்றுவரை அதைத் தொடவில்லை.

சை யங் மட்டும் இல்லை. அந்தப் பத்தாண்டுகளில் கிளீவ்லாந்து அணி நட்சத்திரங்களால் நிறைந்திருந்தது. ஜெஸ்ஸி பர்க்கெட் 1895, 1896 என அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் .400க்கு மேல் சராசரி வைத்தார். பத்து முறை மட்டையெடுத்தால் நான்கு முறைக்கு மேல் பந்தை அடித்துத் தளம் சேர்வது என்று பொருள். மூன்று முறை சேர்ந்தாலே நல்ல பேட்டர் என்று சொல்லும் விளையாட்டு இது. பாபி வாலஸ் இருந்தார். அணியின் மேனேஜராகவும் ஆட்டக்காரராகவும் முரட்டுத்தனத்துக்குப் பேர்போன பாட்ஸி டெபோ இருந்தார். நேஷனல் லீகின் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த அணிகள் மோதும் ‘டெம்பிள் கோப்பை’யை 1895இல் பால்டிமோர் அணியைத் தோற்கடித்து வென்றார்கள். அந்தத் தொடரில் மூன்று ஆட்டங்களை சை யங்கே வென்று கொடுத்தார்.

இவ்வளவு இருந்தும் மைதானம் நிரம்பவில்லை. ராபிசன்களுக்கு ஊர்மேல் மனத்தாங்கல். அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. கிளீவ்லாந்து தொழிலாளர்களின் நகரம். வாரத்தில் ஆறு நாள் உழைக்கிறவனுக்கு ஆட்டம் பார்க்க இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். ஓய்வுநாளின் புனிதம் கெடும் என்று சட்டம் அன்றுதான் ஆட்டத்தைத் தடுத்தது. ராபிசன்கள் சட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 1897 மே 16, ஞாயிறு. ஆட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் போலீஸ் உள்ளே வந்து இரு அணி ஆட்டக்காரர்களையும் கைது செய்துகொண்டு போனது. அடுத்த ஆண்டு, சொந்த ஊரில் ஆட வேண்டிய ஆட்டங்கள் பலவற்றை வெளியூர்களுக்கு மாற்றினார்கள். அப்படி அலைந்தும் 1898இல் 81 வெற்றி, 68 தோல்வி. பன்னிரண்டு அணிகளில் ஐந்தாம் இடம். இந்த ஐந்தாம் இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே நேரத்தில் செயின்ட் லூயிஸ் நகரில் வேறொரு முதலாளி வீழ்ந்துகொண்டிருந்தார். கிறிஸ் வான் டெர் ஆ, ஜெர்மனியிலிருந்து வந்து மதுக்கடை நடத்தி, பேஸ்பாலில் பணம் சம்பாதித்து, அதை இழந்தவர். 1898 ஏப்ரலில் அவருடைய மைதானம் தீப்பிடித்தது. வழக்குகள் சூழ்ந்தன. 39 ஆட்டங்களை மட்டும் வென்று கடைசி இடத்துக்கு வந்த அவருடைய அணி, 1899 வசந்தத்தில் ஏலத்துக்குப் போய்க் கைமாறி ராபிசன்களிடம் வந்து சேர்ந்தது. செயின்ட் லூயிஸ் அன்று அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அங்கே தடையில்லை.

ஒரே லீகில், ஒன்றையொன்று எதிர்த்து ஆடும் இரண்டு அணிகள் ஒரே குடும்பத்தின் கையில். இரண்டு சேவலும் ஒரே ஆளுடையது என்று தெரிந்தால் சேவல்கட்டில் எவன் பந்தயம் கட்டுவான்? அன்றைய நேஷனல் லீக் இதைத் தவறாகவே பார்க்கவில்லை. அதே ஆண்டில் பால்டிமோர், புரூக்ளின் அணிகளையும் ஒரே கூட்டு முதலாளிகள் வைத்திருந்தார்கள். பால்டிமோரின் சிறந்த ஆட்டக்காரர்களைப் புரூக்ளினுக்கு அனுப்பினார்கள். ராபிசன்கள் அதைவிட ஒரு படி மேலே போனார்கள். சை யங், பர்க்கெட், வாலஸ், டெபோ என்று கிளீவ்லாந்தின் முதுகெலும்பை அப்படியே உருவிச் செயின்ட் லூயிஸுக்குக் கொண்டுபோனார்கள். செயின்ட் லூயிஸில் வேண்டாம் என்று கழிக்கப்பட்டவர்கள் கிளீவ்லாந்துக்கு வந்தார்கள். புதிய அணிக்குப் ‘பெர்ஃபெக்டோஸ்’, அதாவது குறையற்றவர்கள் என்று பெயர் வைத்தார்கள்.

ஆட்டக்காரர்கள் இதை மறுத்திருக்க முடியாதா என்று கேட்கலாம். முடியாது. ‘ரிசர்வ்’ என்றொரு விதி அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த முதலாளிக்கே உரியவர். ஆண்டுக்கு 2,400 டாலருக்கு மேல் சம்பளம் கிடையாது என்று முதலாளிகள் தங்களுக்குள் உச்சவரம்பும் வைத்திருந்தார்கள். போ என்றால் போக வேண்டும். இல்லையென்றால் ஆட்டத்தையே விட வேண்டும்.

ஏப்ரல் 15. சீசனின் முதல் ஆட்டம் செயின்ட் லூயிஸில். பழைய கிளீவ்லாந்து, பெயரளவிலான கிளீவ்லாந்தை எதிர்கொண்டது. சை யங் பந்து வீசினார். ஸ்பைடர்ஸ் 10-1 என்று தோற்றது.

கிளீவ்லாந்து ரசிகர்களுக்கு நடந்தது புரிந்துவிட்டது. சொந்த ஊரின் முதல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 500 பேர் வந்தார்கள். அதன்பின் அதுவும் இல்லை. 9,000 பேர் உட்காரக்கூடிய லீக் பார்க்கில் அந்த ஆண்டு நடந்த 42 ஆட்டங்களுக்கும் சேர்த்து வந்தவர்கள் 6,088 பேர். ஆட்டத்துக்குச் சராசரி 145. வசூலில் வெளியூர் அணிக்கும் பங்கு உண்டு என்பது அன்றைய ஏற்பாடு. இந்தக் கூட்டத்தின் பங்கு, வந்துபோகும் ரயில் செலவுக்கும் விடுதி வாடகைக்கும் காணாது. அதனால் மற்ற அணிகள் கிளீவ்லாந்துக்கு வர மறுத்தன. வராதவர்களைத் தேடி ஸ்பைடர்ஸ் போக வேண்டியதாயிற்று. ஜூலை 1க்குப் பிறகு சொந்த ஊரில் எட்டே ஆட்டங்கள். கடைசி 93 ஆட்டங்களில் 85 வெளியூரில். பத்திரிகைகள் அவர்களை ‘நாடோடிகள்’, ‘நாடு கடத்தப்பட்டவர்கள்’ என்று எழுதின. கேலிக்காக எழுதியதுதான், ஆனால் உண்மை அதுவே. வெளியூரில் மட்டும் 101 தோல்விகள். இன்று ஓர் அணி ஒரு சீசனில் வெளியூரில் ஆடுவதே 81 ஆட்டங்கள் என்பதால், அந்த எண்ணை இனி யாராலும் எட்ட முடியாது.

இந்த அலைச்சலை அனுபவித்தவர்கள் யார்? இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் வரலாறு இவர்களைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறது. அணியின் மேனேஜராகத் தொடங்கியவர் லேவ் கிராஸ், நல்ல மூன்றாம் தள ஆட்டக்காரர். அவர் நன்றாக ஆடியதுதான் வினையாயிற்று. 8 வெற்றி, 30 தோல்வி என்ற நிலையில் ஜூனில் அவரையும் செயின்ட் லூயிஸுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஓரளவு நன்றாக வீசிய வில்லி சட்ஹாஃபும் அதே வழியில் போனார். கிளீவ்லாந்தில் எவன் திறமை காட்டினாலும் அவன் அங்கே இருக்கப்போவதில்லை என்பது மிச்சமிருந்தவர்களுக்கு உறைத்திருக்கும். உழைப்புக்குக் கூலியாக இதைவிடக் கொடுமையான செய்தியை ஒரு முதலாளி அனுப்ப முடியாது.

கிராஸுக்குப் பின் பொறுப்பேற்றவர் ஜோ குவின். ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்கப் பெரிய லீகில் ஆடிய முதல் மனிதர். ஆட்டமில்லாத மாதங்களில் இறுதிச் சடங்குகள் நடத்திக்கொடுக்கும் தொழில் செய்தவர். அவர் தலைமையில் 12 வெற்றி, 104 தோல்வி. ஆனாலும் கடைசிவரை தானும் களத்தில் இறங்கி ஆடினார். பிட்ச்சர் ஜிம் ஹியூயி 4 ஆட்டங்களில் வென்று 30இல் தோற்றார். ஒரே சீசனில் 30 தோல்வி என்ற நிலை அவருக்குப் பிறகு பெரிய லீகில் யாருக்கும் வரவில்லை. அதை இன்னொரு விதமாகவும் படிக்கலாம்: முப்பது முறை தோற்கிற ஒருவரிடம் ஓர் அணி முப்பது முறை பந்தைக் கொடுக்கிறது என்றால், கேட்ட போதெல்லாம் அவர் மேடேறி வீசியிருக்கிறார். ஃபிராங்க் பேட்ஸ் 1-18. ஹாரி காலிஃபிளவர் 1-11.

லூயிஸ் சாக்கலெக்சிஸை இந்த வரிசையில் விட்டுவிட முடியாது. மேய்ன் மாநிலத்தின் பெனாப்ஸ்காட் பழங்குடியைச் சேர்ந்தவர். 1897இல் இதே கிளீவ்லாந்தில் அறிமுகமாகி முதல் மாதங்களிலேயே கூட்டத்தை வசப்படுத்தினார். போகிற ஊரிலெல்லாம் அவருடைய இனத்தைக் கிண்டல் செய்து கூச்சலிட்டவர்களும் இருந்தார்கள். கணுக்கால் காயமும் குடியும் சேர்ந்து அவரை வீழ்த்தின. 1899இல் ஏழே ஆட்டங்கள். மே மாதத்தில் விடுவித்தார்கள். செயின்ட் லூயிஸுக்கு வேண்டியவர்கள் போனபின், யாருக்கும் வேண்டாதவராக அவரை விட்டுப்போனார்கள்.

ஆகஸ்ட் 26 முதல் தொடர்ந்து 24 தோல்விகள். செப்டம்பரில் ஒரு வெற்றி. அதன்பின் முடிவுவரை 16 தோல்விகள். அந்த 24 தோல்வித் தொடரை நேஷனல் லீகில் இன்றுவரை எந்த அணியும் தாண்டவில்லை. அக்டோபர் 15இல் சின்சினாட்டியில் கடைசி நாள், இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் 16-1. இரண்டாவதில் பந்து வீசியவர் எடி கோல்ப், 19 வயது, அணி தங்கியிருந்த விடுதியின் சுருட்டுக் கடையில் வேலை பார்த்தவர். ஒரு பெட்டி சுருட்டு கொடுத்து அந்த வாய்ப்பைப் பெற்றார் என்று கதை. 19-3 என்று முடிந்தது. ஆட்டக்காரர்கள் தங்கள் பணத்தைச் சேர்த்து, அணியோடு எல்லா ஊருக்கும் பயணம் செய்த நிர்வாகி ஜார்ஜ் மியூருக்கு வைரம் பதித்த பதக்கம் ஒன்றைப் பரிசளித்ததாகவும் சொல்வார்கள். ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்க்கும் துர்பாக்கியம் பெற்ற ஒரே மனிதர் அவர்தான் என்பது காரணமாம்.

முதலிடம் பெற்ற புரூக்ளினுக்கும் கிளீவ்லாந்துக்கும் இடையே 84 ஆட்ட இடைவெளி. பதினோராம் இடத்திலிருந்த வாஷிங்டனுக்கே 35 ஆட்டம் பின்னால். சரி, இத்தனை பேரைப் பலிகொடுத்த செயின்ட் லூயிஸ் என்னவாயிற்று? 84 வெற்றி, 67 தோல்வி. ஐந்தாம் இடம்.

முந்தைய ஆண்டு கிளீவ்லாந்து இருந்த அதே ஐந்தாம் இடம்! சை யங் அங்கே 26 ஆட்டங்களை வென்றார்; அவர் விட்டுவந்த அணி முழுவதுமாகச் சேர்ந்து வென்றதைவிட ஆறு அதிகம். ஆனாலும் ராபிசன்கள் சாதித்தது ஐந்தாம் இடத்தை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இடம்மாற்றியது மட்டும்தான். கோப்பையும் இல்லை, ஊரும் இல்லை. இதே ஆண்டு, நட்சத்திரங்களைப் பறிகொடுத்த பால்டிமோரில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஜான் மெக்ரா புரூக்ளினுக்குப் போக மறுத்துத் தங்கினார். மிச்சமிருந்தவர்களையும் ஜோ மெக்கினிட்டி என்ற புது பிட்ச்சரையும் வைத்துக்கொண்டு 86 ஆட்டங்களை வென்றார். நான்காம் இடம், செயின்ட் லூயிஸுக்கு மேலே. பால்டிமோரில் மெக்ராவுக்குச் சொந்தமாகத் தொழில் இருந்தது. மறுக்கும் பலம் அதனால் வந்தது. கிளீவ்லாந்தில் அப்படி மறுக்கக்கூடியவர் எவரும் இல்லை. அதனால்தான் 134 தோல்விகளை ஹியூயியின் பெயரிலோ குவின் பெயரிலோ எழுதுவதை நான் ஏற்கவில்லை. அவை ராபிசன்களின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை.

சீசன் முடிந்ததும் நேஷனல் லீக் பன்னிரண்டு அணிகளை எட்டாகக் குறைத்தது. கிளீவ்லாந்து, பால்டிமோர், வாஷிங்டன், லூயிவில் நான்கும் நீக்கப்பட்டன. பெர்ஃபெக்டோஸ் 1900இல் கார்டினல்ஸ் ஆயிற்று. இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஓர் ஆள் இரு அணிகளை வைத்திருப்பது பின்னர் தடை செய்யப்பட்டது. ஒஹையோவில் ஞாயிறு ஆட்டத்துக்கு 1911இல் வழி பிறந்தது. ரசிகர்களே இல்லாத ஊர் என்று ராபிசன்கள் கைவிட்ட கிளீவ்லாந்தில், அதே இடத்தில் புதுப்பித்துக் கட்டிய அதே லீக் பார்க்குக்கு, 1920ஆம் ஆண்டு ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்த ஆண்டு உலகத் தொடரையும் ஊரின் புதிய அணி வென்றது.

அந்த அணியை வைத்திருந்தது நேஷனல் லீக் அல்ல. காலியாகக் கிடந்த கிளீவ்லாந்தை 1900இலேயே கண்டுகொண்டு, கிராண்ட் ராபிட்ஸ் அணியை அங்கே குடியேற்றியவர் அமெரிக்கன் லீகின் தலைவர் பான் ஜான்சன். அடுத்த ஆண்டே அந்த லீகைப் பெரிய லீகாக அறிவித்து, 2,400 டாலர் உச்சவரம்பை உடைத்து, சம்பளத்தை உயர்த்திக் காட்டி ஆட்டக்காரர்களை அழைத்தார். ராபிசன்களை விட்டுப் பாஸ்டனுக்குப் புறப்பட்டவர்களில் சை யங்கும் ஒருவர். அந்தப் போரை அடுத்த வாரம் பார்க்கலாம்.