பழைய பிக்கப் வாங்கப் போறீங்களா? பின் அச்சு எண்ணையும் கேளுங்க

பழைய பிக்கப் விளம்பரங்களில் எஞ்சின் சிசி இருக்கும், பெயின்ட் நிறம் இருக்கும், "ஒரிஜினல் கண்டிஷன்" என்ற வரியும் தவறாமல் இருக்கும். பின் அச்சின் கியர் விகிதம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. வண்டி நெடுஞ்சாலையில் நிம்மதியாக ஓடுமா, சுமையோடு மலை ஏறுமா என்பதில் அந்த ஒரு எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

அது என்ன எண்?

பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில், அச்சில் பூசணிக்காய் மாதிரி புடைத்திருக்கும் பகுதிதான் டிஃபரென்ஷியல். அதற்குள் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் இருக்கும். பெரியதன் பற்களைச் சின்னதன் பற்களால் வகுத்தால் கிடைப்பதுதான் விகிதம். 41 பல், 11 பல் என்றால் 3.73. அதாவது கியர் பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 3.73 முறை சுற்றினால், சக்கரம் ஒரு முறை சுற்றும்.

எண் பெரிதானால் இழுவை கூடும். ஆனால் அதே வேகத்தில் போக எஞ்சின் அதிகமாகச் சுற்றணும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 29 அங்குல டயர், ஓவர்டிரைவ் இல்லாத பழைய கியர் பாக்ஸ், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். விகிதம் 3.00 என்றால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,380 முறை சுற்றும். 4.11 என்றால் சுமார் 3,260. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு அந்தச் சத்தத்தோடு போய்ப் பார்த்தால் வித்தியாசம் காதுக்கே தெரியும், பெட்ரோல் செலவிலும் தெரியும்.

குறியீட்டை எங்கே தேடுவது?

இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை அமெரிக்க பிக்கப்புகளைப் பற்றியவை. அவற்றில் ஃபோர்டு எஃப்-100 வண்டிகளைப் படிப்பது கொஞ்சம் சுலபம். 1957-ல் அறிமுகமான '9 அங்குல' அச்சில், டிஃபரென்ஷியலைப் பிடித்திருக்கும் நட்டுகளில் ஒன்றில் சின்ன உலோகத் தகடு மாட்டியிருக்கும். அதில் '3 50' என்றிருந்தால் விகிதம் 3.50. நடுவில் எல் என்ற எழுத்து வந்து '3எல்50' என்றிருந்தாலும் விகிதம் அதேதான், ஆனால் உள்ளே லிமிடெட் ஸ்லிப் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுழலும்போது மற்றதற்கும் விசை போக வைக்கும் அமைப்பு அது. கதவுப் பகுதியில் இருக்கும் தகட்டிலும் அச்சுக் குறியீடு உண்டு. அதை அந்தந்த ஆண்டின் அட்டவணையோடுதான் ஒப்பிடணும், ஏனென்றால் ஒரே குறி வேறு ஆண்டில் வேறு விகிதத்தைக் குறிக்கலாம்.

1973 முதல் 1987 வரையிலான செவ்ரோலே சி/கே பிக்கப்புகளுக்கு டேஷ்போர்டு பெட்டியைத் திறங்க. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வரிசையாகக் குறியீடுகள் இருக்கும். ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. ஜி80 என்று தனியாக இருந்தால், இரண்டு பின் சக்கரங்களுக்கும் விசை போகும் வகை. பல பிராண்டு வண்டிகளில் வரும் டானா அச்சுகளில் மூடியின் போல்ட்டில் தகடு தொங்கும். அதில் பல் எண்ணிக்கையே '41-11' என்று அடித்திருந்தால் அட்டவணையே வேண்டாம்.

நம்ம ஊர்ச் சாலைகளில் அதிகம் பார்க்கும் டொயோட்டா ஹைலக்ஸில் கதை வேறு. வண்டியின் அடையாளத் தகட்டில் டிரான்ஸ்/ஆக்சில் என்ற வரியைப் பாருங்க. உதாரணமாக ஜி294. முதல் எழுத்து கிரவுன் வீலின் அளவு. கடைசி 4, உள்ளே இருக்கும் சின்னப் பினியன்களின் எண்ணிக்கை. நடுவில் உள்ள 29-ஐத்தான் பலர் 2.9 என்று படித்துவிடுகிறார்கள். அது நிறுவனத்தின் அட்டவணை எண். உண்மையான விகிதம் 4.1.

தகடு சொல்வது பழைய கதை

இந்தக் குறியீடுகள் எல்லாம் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் உள்ளே என்ன இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். 40, 50 ஆண்டுகளில் அச்சு மாறியிருக்கலாம். ஹாஃப்-கட் கடையில் கிடைத்ததைப் போட்டு ஓட்டியவர்கள் நிறைய பேர்.

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் இன்னும் உழைக்கும் பழைய லேண்ட் ரோவர் பிக்கப்புகளை எடுத்துக்கொள்ளுங்க. சீரிஸ் வகை லேண்ட் ரோவரின் வழக்கமான விகிதம் 4.7. மெதுவாக மலை ஏற அது அருமை, நெடுஞ்சாலைக்கு அலறல். அதனால் ரேஞ்ச் ரோவரின் 3.54 டிஃபரென்ஷியலை மாற்றிப் போடுவது உலகம் முழுக்கப் பழக்கம்.

மாற்றியதைச் சொல்லாமல் விற்றால்தான் சிக்கல். இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் ஷாஃப்ட்டின் சுற்றை வைத்தே வேகத்தைக் காட்டுகிறது. அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால், நீங்கள் உண்மையில் 100-ல் போகும்போது முள் 75-ல் நிற்கும். சம்மன் வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

இதைவிட மோசமானது, பின் அச்சை மட்டும் மாற்றிவிட்டு முன் அச்சை அப்படியே விடுவது. சாதாரண ஓட்டத்தில் எதுவும் தெரியாது. ஃபோர் வீல் டிரைவ் போட்டதும் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் மாட்டிக்கொள்ளும். வாங்குபவர் இரண்டு அச்சையும் சோதிக்காமல் பணம் கொடுக்கவே கூடாது என்பேன்.

நீங்களே எண்ணிப் பார்க்கலாம்

தகடு இல்லையென்றாலும் வழி உண்டு. சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு வைங்க. ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. சீரிஸ் லேண்ட் ரோவரில் இன்னும் கவனம் தேவை. அதன் ஹேண்ட்பிரேக் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும், சக்கரத்தை அல்ல. ஒரு சக்கரம் தூக்கினதும் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும்.

ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்க. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுங்க. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று ஒருவர் பக்கவாட்டிலிருந்து எண்ணணும், வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. மறு சக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்றுதான் கணக்குக்கு ஒரு சுற்று. மூன்றரைச் சுற்று வந்தால் 3.50.

3.42-ஐயும் 3.50-ஐயும் இப்படிக் கண்ணால் பிரிக்க முடியாது. சக்கரத்தை 20 சுற்று சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுங்க. 34-க்குச் சற்று மேல் என்றால் முதலாவது, சரியாக 35 என்றால் இரண்டாவது.

சக்கரம் தனியாகச் சுற்றவே மறுத்தால், லிமிடெட் ஸ்லிப் அல்லது லாக்கர் இருக்கலாம். அப்போது இரண்டு பின் சக்கரங்களையும் தூக்கணும். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து சுற்றும், அந்த வகைக்கு ஒரு சுற்றே ஒரு சுற்று.

அதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால், டிஃபரென்ஷியல் எண்ணெய் மாற்றும் நாளில் மெக்கானிக்கிடம் மூடியைக் கழற்றச் சொல்லிப் பற்களை எண்ணிவிடலாம். ஃபோர்டின் 9 அங்குல அச்சில் இது நடக்காது. அதற்குப் பின்பக்க மூடியே கிடையாது, முழுத் தொகுதியையும் முன்பக்கமாக வெளியே எடுக்கணும்.