ஆழிக்குமரனும் ஏழு நாள் சைக்கிளும்

மோட்டார் சைக்கிள் சாகசக்காரர் ஈவல் கனீவல் 2007 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தமது 69ஆம் வயதில் மறைந்தார். அவருக்குப் புகழைத் தந்தவை வெற்றிகளைக் காட்டிலும் வீழ்ச்சிகளே. 1967இன் கடைசி நாளில் லாஸ் வேகஸ் நகரில் சீசர்ஸ் பேலஸ் விடுதியின் நீரூற்றைத் தாண்ட முயன்று விழுந்து எலும்புகள் நொறுங்கினார். அதன்பின் 29 நாட்கள் நினைவிழந்து கிடந்ததாக ஒரு கதை நெடுங்காலம் உலவியது. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் அதை நம்பவில்லை. 1974இல் ஸ்நேக் ஆற்றுப் பள்ளத்தாக்கை நீராவியால் உந்தப்பட்ட ஊர்தியில் கடக்கப் பார்த்தார். பாராசூட் முன்னதாகவே விரிந்து பள்ளத்தில் இறங்கினார். 1975இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் 13 பேருந்துகளைத் தாண்டி, இறங்குமிடத்தில் விழுந்தார்.

இவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழும். தாவிக் கடக்கும் இந்த வீரம் நம் நிலத்தில் ஏன் வேர்விடவில்லை? பொருட்காட்சிக்கு வரும் மரணக் கிணறு உண்டுதான். பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றிச் சுற்றி மேலேறுவதை நெல்லையிலும் மக்கள் வாய்பிளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது வெளியிலிருந்து வந்து கூடாரம் பிரித்துப் போகிற கலை. வள்ளியூர் வட்டாரச் சிற்றூர்களுக்கு நெருக்கமாயிருந்தது வேறொன்று: எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஊர்ப் பொட்டலில் நடந்த 'நிற்காமல் சைக்கிள் ஓட்டும்' நிகழ்ச்சி. நடுவே ஒரு கம்பம், அதில் ஒலிபெருக்கி. ஏழு நாட்கள் காலைத் தரையில் ஊன்றாமல் ஒருவர் சுற்றிக்கொண்டே இருப்பார். குளிப்பது, உண்பது, சவரம் செய்வது எல்லாம் சைக்கிளின் மீதே. இரவில் ரெக்கார்டு டான்ஸ்; நெஞ்சில் டியூப் லைட் உடைப்பு. கடைசி நாளில் சட்டையெங்கும் ரூபாய் நோட்டுகள் குத்தப்பட்டிருக்கும். கனீவலின் ஆபத்து சில நொடிகளில் முடிந்துவிடும். நம்மவருடையது தூக்கத்தோடு நடக்கும் போர். பார்ப்பவர்கள் வீட்டுக்குப் போய் உறங்கி, மறுநாள் வந்து அவர் இன்னும் சுற்றுவதைக் கண்டு வியக்கவேண்டும்.

இந்த மரபை உலகின் முன் நிறுத்தியவர் என்று நான் கருதுவது வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தனை. ஈழத்தவர் அன்போடு இட்ட பெயர் ஆழிக்குமரன். கப்பலோட்டிகளின் ஊர் அது. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் க்ளொஸ்டர் துறைமுகம்வரை சென்று சேர்ந்தது. பாக் நீரிணையை நீந்திக் கடப்பதும் அவ்வூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1954இலேயே நவரத்தினசாமி கோடியக்கரைக்கு நீந்தியிருந்தார். 1966இல் வங்காளத்து மிகிர் சென் இலங்கையிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். ஆனந்தன் 1971இல் செய்தது இவற்றையெல்லாம் விஞ்சியது. வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பவும் நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு இரவுகள் கடலுக்குள்.

பிறகு அவர் மேற்கொண்டவற்றைப் பாருங்கள்: 1980 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்கா அரங்கில் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார், 1981 மே மாதம் சென்னைக் கடற்கரை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் ஓரிடத்தில் மிதந்தபடி இருந்தார். இவை கின்னஸ் புத்தகத்தில் ஏறின. எதிலும் தாவல் இல்லை. பொட்டல் சைக்கிள்காரருக்கும் அவருக்கும் இருந்த தொலைவு, ஒலிபெருக்கிக்கும் கின்னஸ் புத்தகத்துக்கும் இடைப்பட்ட தொலைவுதான். ஒற்றைக் கால் தவத்தை மாமல்லபுரத்துப் பாறையில் செதுக்கி வைத்த நாட்டில் இதற்கு விளக்கமும் தேவையில்லை.

1984 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது ஆனந்தன் உயிரிழந்தார். மிகக் குறுகிய இடத்தில் அக்கால்வாய் 34 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. அவர் 1971இல் நீந்தியது அதைப்போல் மும்மடங்கு. ஆனால் பாக் நீரிணையின் வெதுவெதுப்பு அங்கு கிடையாது. கோடையிலும் குளிர் எலும்பில் இறங்கும்.

அவர் மறைந்தது 1983 ஜூலைக் கலவரத்துக்கு மறு ஆண்டு. அவர் விளையாட்டாய்க் கடந்த அதே நீரிணையை அப்போது மக்கள் உயிர் பிழைக்கப் படகில் கடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வள்ளியூருக்கு அருகே சமூகரெங்கபுரத்திலும் அவர்களுக்கு ஒரு முகாம் அமைந்தது. ஐம்பத்தொரு மணி நேரத்தின் கதையை அங்குள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும், காலம் அதிகமில்லை.

ஒற்றைக் கால் சாதனை மட்டும் நீரிணையின் இரு கரைக்குமாக அலைந்தது. 1982 ஏப்ரலில் சத்தியமங்கலத்தில் ஒருவர் 34 மணி நேரம் நின்று அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். இடையில் வேறு சிலரின் கைக்குப் போய், 1997 மே மாதம் 76 மணி 40 நிமிடம் நின்ற சுரேஷ் யோக்கிமிடம் சேர்ந்தது. அவரும் ஈழத் தமிழரே; நின்ற இடமும் அதே விகாரமகாதேவிப் பூங்கா அரங்கு.