தகுதியும் சந்தேகமும்: வாடிப்பட்டி வட்டாரத்தில் அரசு உதவியின் கதை

அரசு தரும் உதவியைத் தகுதியில்லாதவர்கள் வாங்கிவிடுகிறார்கள் என்ற புகார், மதுரைச் சமவெளியில் அரசு உதவி தொடங்கிய காலத்திலிருந்தே இருந்துவருகிறது. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள வாடிப்பட்டி, இன்று ஒரு வட்டத்தின் தலைமையிடம். சோழவந்தான், அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்து ஊர்க்காரர்கள் முதியோர் ஓய்வூதியத்துக்கு மனு கொடுக்கவும், நின்றுபோன தொகை ஏன் நின்றது என்று கேட்கவும் இங்கேதான் வருகிறார்கள். மனு கொடுக்க வருபவர் உண்மையில் ஏழைதானா என்ற விசாரணைக்கு ஏறக்குறைய 150 ஆண்டு வரலாறு உண்டு.

அதற்கு முன்பு பசித்தவருக்குச் சோறு போட்டவை சத்திரங்களும் கோயில் மடைப்பள்ளிகளும் செல்வர்களின் அறக்கட்டளைகளும்தான். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம், நாயக்கர் கால ராணி ஒருவரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. இத்தகைய இடங்களில் சாதி பார்த்துப் பந்தி பிரித்தார்கள். சில சாதியாரை வாசலைத் தாண்டவே விடவில்லை. ஆனால் வந்தவரின் வருமானத்தையோ, அவர் உழைக்கக்கூடியவரா என்பதையோ யாரும் விசாரிக்கவில்லை. கொடுப்பவருக்குப் புண்ணியம் சேர்ந்தால் போதும். வாங்குபவர் உண்மை சொன்னாரா என்பது அவருடைய கணக்கில் இல்லை.

தாது வருஷப் பஞ்சம் இந்த நிலையை மாற்றியது. 1876இல் பருவமழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்ட அந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலைத்தலங்களும் கஞ்சித் தொட்டிகளும் திறக்கப்பட்டன. கூட்டம் பெருகியதும் செலவைப் பற்றிய கவலை கல்கத்தாவை எட்டியது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிளை மாகாணத்துக்கு அனுப்பினார். டெம்பிள் 1873–74 வங்காளப் பஞ்சத்தில் அளவுக்கு மீறிச் செலவழித்தார் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர். இந்த முறை கையை இறுக்கினார். வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் கூலி என்றார். ஒரு பவுண்டு என்பது 450 கிராமுக்குச் சற்று மேல். பிழைக்க வேறு வழியுள்ளவர்கள் நிவாரணத்தில் புகுந்துவிட்டார்கள் என்பது அவருடைய முடிவு. வீட்டிலிருந்து தொலைவில் உள்ள வேலைத்தலத்துக்குப் போகத் தயாராக இருப்பவரே உண்மையில் பசித்தவர் என்ற தூரச் சோதனையும் சேர்ந்துகொண்டது.

மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவு தானியத்தில் உழைக்கும் உடல் தாங்காது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் சென்னை அரசே கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டு சென்னைக்கு நேரில் வந்த லிட்டன், முகாம்களில் இருப்பவர்கள் வேலை செய்யாமல் தின்று கொழுத்து உல்லாசப் பயணம் வந்தவர்கள்போல் இருக்கிறார்கள் என்ற பொருளில் மனைவிக்குக் கடிதம் எழுதினார். சாலையோரம் பிணங்கள் கிடந்த ஆண்டில் எழுதப்பட்ட கடிதம் அது. இப்படி எண்ணியவர் அவர் ஒருவரல்லர். உதவி பெறுபவரின் நிலை, மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவரின் நிலையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டம் விதித்திருந்தது. அந்தச் சிந்தனையில் வளர்ந்த அதிகாரிகள்தாம் இங்கே பஞ்சத்தை நிர்வகித்தார்கள்.

1880ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷனுக்குப் பிறகு வந்த பஞ்ச விதித்தொகுப்புகள் இந்தச் சந்தேகத்தை நடைமுறையாக்கின. உடல் வலுவுள்ளவருக்கு உழைப்பே சோதனை. உழைக்க முடியாதவருக்கு, கிராம அதிகாரிகள் தயாரிக்கும் பட்டியலில் பெயர் இருந்தால் இலவச உதவி. அந்தப் பட்டியல் கணக்குப்பிள்ளை, முன்சீப் கைக்குப் போனது. யார் ஏழை என்று அரசுக்குச் சொல்லும் அதிகாரமும் அதோடு அவர்களிடம் சேர்ந்தது. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, பேரணையிலிருந்து பிரியும் கால்வாயில் தண்ணீர் வந்த பின் வாடிப்பட்டிப் பக்கம் நெல் விளையும் பூமியாயிற்று. பஞ்சம் விலகியது. பட்டியல் போடும் பழக்கம் நின்றுவிடவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு உதவி நிரந்தரமாக வந்தது முதியோர் ஓய்வூதியத்தின் வழியாக. உத்தரப் பிரதேசம் 1957இல் தொடங்கியதை அடுத்துச் சில மாநிலங்கள் பின்பற்றின. காமராசர் முதலமைச்சராக இருந்த சென்னை மாநிலத்தில் 1962 ஏப்ரல் 1ஆம் தேதி திட்டம் நடைமுறைக்கு வந்தது. மாதம் 20 ரூபாய். ஆனால் முதுமை மட்டும் போதாது, மனுதாரர் ஆதரவற்றவராகவும் இருக்க வேண்டும். சொத்து இருக்கக் கூடாது, வருமானம் இருக்கக் கூடாது, காப்பாற்ற ஆள் இருக்கக் கூடாது. பிச்சையெடுப்பதையே தொழிலாகக் கொண்டவரும் ஆகாது. 1945ஆம் ஆண்டுச் சட்டம் பிச்சையைக் குற்றமாக்கியிருந்தது. ஆக, யாரிடமும் கையேந்தாத, ஆனால் யாருமே இல்லாத கிழவரையும் கிழவியையும் அரசு தேடியது.

ஆதரவின்மையை நிரூபிப்பது மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு எளிதாக இருந்ததில்லை. சொத்தைப் பாகம் பிரித்த பிறகு தாயையும் தகப்பனையும் மாதம் ஒரு மகன் வீடு என்று முறை வைத்து அனுப்புவது இங்கே பழைய வழக்கம். சிலர் மகன் வீட்டுத் திண்ணையிலேயே தனி உலை வைத்துச் சமைத்துக்கொள்வார்கள். இவர்கள் ஆதரவுள்ளவர்களா, இல்லாதவர்களா? விசாரணைக்கு வரும் வருவாய் ஆய்வாளர், ஊர்க்காரர்கள் பேச்சில் ஆர்.ஐ., முதலில் கேட்பது, “மகன் எத்தனை பேரு? யாரு சோறு போடுறா?” என்பதுதான். தெருவில் பத்துப் பேர் கூடி நிற்க, “பெத்தவன் கஞ்சி ஊத்தலைங்கய்யா” என்று ஒரு தாய் சொல்ல வேண்டும். சொன்னால் மகனுக்கு ஊரில் தலை குனிவு, சொல்லாவிட்டால் மனு தள்ளுபடி. மகனே ஆளைப் பிடித்து, தாயைத் தனி ரேஷன் அட்டையில் ஏற்றி மனுப் போடுவதும் உண்டு. சட்டப்படி இது தகவலை மறைப்பது. ஊர் இதைத் திருட்டு என்று சொல்வதில்லை. “கெழவி கையில நாலு காசு இருந்தா மருமக மதிப்பா” என்பது ஊரின் நியாயம். அதே ஊர், பங்களா வீட்டுக்காரரின் தாய்க்குத் தொகை வந்தால் டீக்கடையில் நாள் முழுக்கப் பேசும். விதிப்புத்தகத்தைவிட இந்த அளவுகோல் நுட்பமானது என்றே சொல்ல வேண்டும்.

அடுத்தடுத்து வந்த திட்டங்களும் இதே அடித்தளத்தில் எழுந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கு 1974இலும், விதவைகளுக்கு 1975இலும், விவசாயத் தொழிலாளர்களுக்கு 1981இலும், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986இலும் ஓய்வூதியங்கள் வந்தன. எல்லாமே ஆதரவற்றோருக்கு என்ற அடைமொழியோடுதான் வந்தன. கைவிடப்பட்டவர் என்றால் ஐந்தாண்டு கணவன் திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் நிற்கும் பெண்ணுக்கு விதியில் இடமில்லை. இடையில் 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளை நீக்கியது. சான்று தரும் பொறுப்பு கிராம நிர்வாக அலுவலருக்கு மாறியது. கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றவர்கள் வி.ஏ.ஓ. அலுவலக வாசலில் நிற்கத் தொடங்கினார்கள்.

தொகை பல ஆண்டுகள் மணியார்டரில் வந்தது. தபால்காரர் கொண்டுவந்து கையில் கொடுக்கும்போது சில்லறையாக ஏதாவது பிடித்துக்கொள்வதைப் பலரும் கண்டும் காணாமல் விட்டார்கள். உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பரில், இந்த ஓய்வூதியம் மாதம் 7ஆம் தேதிக்குள் சேர வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஓய்வூதியர்களுக்கு வேட்டி சேலையும் அரிசியும் உண்டு: சத்துணவு மையத்தில் சாப்பிடுபவருக்கு மாதம் 2 கிலோ, சாப்பிடாதவருக்கு 4 கிலோ. இந்தக் கிலோக் கணக்கில்கூட இரண்டு பக்கமும் வாங்கிவிடுவார்களோ என்ற முன்யோசனை தெரிகிறது.

ரேஷன் வேறு பாதையில் போனது. 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று அட்டைகளைப் பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் ஒரே விலை என்ற முறையைக் கைவிடவில்லை. 2002இல் ஜெயலலிதா அரசு மட்டும் இதைத் தொட்டுப் பார்த்தது. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்களின் அட்டையில் ‘எச்’ முத்திரை குத்தி, கௌரவ அட்டை என்று பெயரிட்டு, அரிசியை நிறுத்தியது. கௌரவம் யாருக்கும் பிடிக்கவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளையும் இழந்த பிறகு முத்திரை திரும்பப் பெறப்பட்டது. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லை என்று அரிசி இறங்கி வந்தது. வசதியுள்ளவர் ரேஷன் வாங்குவது இங்கே வெட்கத்துக்குரியதாக இல்லாமல் போனதற்கு இதுவே காரணம். 2019இல் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள அரசே வாய்ப்புத் தந்தது. அட்டையைக் கொடுத்து வாங்குபவர் ஏழையா என்று கடைக்காரர் கேட்பதில்லை. எனவே ஏழையென்று நடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

அதனால் ரேஷனில் முறைகேடு ஒழிந்துவிடவில்லை. இடம் மாறியது. இல்லாத குடும்பத்தின் பேரில் போலி அட்டை, இறந்தவர் பேரில் தொடரும் அட்டை, வாங்காத பொருளுக்கு வாங்கியதாகப் பதிவு ஆகியவை கடை மட்டத்தில் நடந்தன. 2017இல் வந்த ஸ்மார்ட் அட்டையும் பின்னர் வந்த கைரேகைப் பதிவும் இவற்றில் பலவற்றை அடைத்தன. வீட்டுக்கு வீடு அரிசியைக் கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்து வாங்கி, மூட்டை சேர்த்து, கம்பம், குமுளி வழியாகக் கேரளத்துக்கு அனுப்பும் வியாபாரம் மட்டும் ஓயவில்லை. குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை பிடிக்கும் லாரிகளைப் பற்றி மதுரை, தேனிப் பதிப்புகளில் செய்தி வராத மாதம் குறைவு. சாப்பிடாத அரிசியை விற்கும் பெண்ணை ஊர் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. லாரி வைத்திருப்பவரையும் வெளிப்படையாக யாரும் கேட்பதில்லை.

நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது பழைய பஞ்ச காலத்துப் பேச்சு மறுபடி கேட்டது. 2006 பிப்ரவரியில் முதல் கட்டத்திலேயே திண்டுக்கல் மாவட்டம் சேர்ந்துவிட்டது. மதுரை மாவட்டத்துக்கு 2008 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாவட்ட எல்லையை ஒட்டிய வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள், நிலக்கோட்டைப் பக்கம் வேலை நடப்பதை இரண்டாண்டு வேடிக்கை பார்த்தார்கள். வந்த பிறகு, “மரத்தடியில உக்காந்துட்டுச் சம்பளம் வாங்குறாங்க” என்பது நிலம் வைத்திருப்பவர்களின் ஓயாத குறையாயிற்று. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறிவிட்டது என்பதே அந்தக் குறையின் உள்ளடக்கம். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள், அவர்களில் வயதானவர்கள் கணிசம். வயல் வேலைக்கு யாரும் கூப்பிடாத பாட்டிகள் கண்மாய்க் கரையில் மெதுவாக மண் அள்ளியதைச் சோம்பல் என்று எண்ணியவர்கள் பலர். வேலைத்தலத்தில் நாளுக்கு இருமுறை கைபேசியில் படம் எடுத்து ஏற்றும் முறை பின்னர் வந்தது. படம் ஏறாவிட்டால் கூலி இல்லை. கூலியைப் பதினைந்து நாளுக்குள் தர வேண்டும் என்றது சட்டம். ஆனால் 2025 ஜனவரியில் 1,056 கோடி ரூபாய் கூலி நிலுவையை விடுவிக்கக் கேட்டு மாநில முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

ஓய்வூதியத் தொகை 2011இல் 1,000 ரூபாயாக உயர்ந்ததும் மனுக்கள் குவிந்தன. சில ஆண்டுகளில் தகுதியில்லாதோரை நீக்கும் ஆய்வும் தொடங்கியது. 2014ஐ ஒட்டி மாநிலமெங்கும் பெருந்தொகையானோரின் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வட்டாட்சியர் அலுவலகங்களை முற்றுகையிட்டார்கள். பலருக்கு நிறுத்தம் பற்றிய தாளே வரவில்லை. வழக்கமான தேதியில் வங்கி முகவர் “பணம் ஏறலை, பாட்டி” என்று சொன்னபோதுதான் தெரிந்தது. பிறகு ஜமாபந்தியில் மனு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு, மறுபடி அதே மகன் கேள்வி.

கோடிக்கணக்கில் பணம் போன மோசடிகள் வேறு மாதிரி நடந்தன. பிரதமரின் விவசாயிகள் உதவித் திட்டத்தில் தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டிருந்தது 2020 ஆகஸ்டில் தெரியவந்தது. சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் அதிகம். அதிகாரிகளின் கடவுச்சொல்லைக் கொண்டு, கணினி மையக்காரர்களும் தரகர்களும் ஒப்பந்த ஊழியர்களும் பெயர்களை ஏற்றியிருந்தார்கள். கணக்கில் பணம் வந்தவர்களில் பலர், கொரோனா உதவி என்று நம்பி ஆதாரைக் கொடுத்தவர்கள். பணத்தைத் திருப்பி வாங்கும் வேலை முதலில் அவர்களுடைய வங்கிக் கணக்கிலிருந்தே தொடங்கியது. 2021இல் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியை ஆராய்ந்தபோது, 48 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களில் 35 லட்சத்துக்கு மேற்பட்டவை தகுதியற்றவை என்று அரசு அறிவித்தது. போலி நகைக்குக் கடன் கொடுத்த சங்கங்களும் அப்போது வெளிப்பட்டன. நகையை எடை போட்டுப் பார்த்துக் கடன் கொடுப்பவர் சங்க ஊழியர்தான், கடன் வாங்குபவர் அல்லர்.

2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, விசாரணையைக் கணினிக்கு மாற்றியது. மாதம் 1,000 ரூபாய்க்கு 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. முதலில் 1.06 கோடிப் பெண்கள் தேர்வானார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும், கார் கூடாது என்று அப்போது விதித்தார்கள். வீட்டில் முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் இருந்தால் மற்றப் பெண்களுக்கும் இல்லை என்றிருந்த விதி, எதிர்ப்புக்குப் பின் தொடக்க விழாவுக்கு முன்பே தளர்த்தப்பட்டது. ஆர்.ஐ. கேட்ட கேள்விகளை இப்போது மின்வாரியம், போக்குவரத்துத் துறை, பத்திரப் பதிவு ஆகியவற்றின் தரவுகள் கேட்கின்றன. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் தனித்தனி உலை வைப்பதோ, விற்றுவிட்ட கார் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருப்பதோ அந்தத் தரவில் தெரியாது. நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்ற வழியும் திறந்திருந்தது. விடுபட்டவர்களின் விண்ணப்பங்களை, 2025 ஜூலையில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் அரசு மறுபடி வாங்கியது.