ஆசானும் வைத்தியரும் ஒருவராயிருந்த காலம்

மாலை ஐந்து மணிக்குப் பின்னர் வெள்ளவத்தையின் கடற்கரையோர ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் சனநெருக்கம் மிகுந்த தெருக்களிலும் வெள்ளைச் சீருடையும் நிறப்பட்டியும் அணிந்து கராத்தே வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளைக் காணலாம். அவர்களுள் யாரேனும் ஒருவன் சற்றே காலை இழுத்து நடப்பான். கேட்டால், பழைய பிடிப்பு என்பான். மூன்று கிழமை ஓய்ந்திருப்பான், நோவு தணியும். திரும்பவும் உயர உதைப்பான். அதே இடத்தில், அதே தசை, முன்னிலும் கடுமையாகப் பிடித்துக்கொள்ளும். புறக்கோட்டைக் கேபோஸ் ஒழுங்கையில் வாங்கிய தைலமும் வீட்டிலுள்ள களிம்பும் தீர்ந்துபோகும்; நோவு மட்டும் தீராது.

தொடையின் பின்புறத்தில் மூன்று தசைகள் உள்ளன. நாம் அமரும்போது நிலத்தில் அழுந்தும் இடுப்பெலும்பிலே தொடங்கி, முழங்காலுக்குக் கீழே சென்று முடிகின்றன. இடுப்பு, முழங்கால் ஆகிய இரு மூட்டுகளையும் அவை கடப்பதே தொல்லைக்குக் காரணம். உயர உதைக்கும்போது இடுப்பு மடங்குகிறது, முழங்கால் நிமிர்கிறது. ஒரே கணத்தில் இரு முனைகளும் இழுபடுகின்றன. கிழிந்த தசையை உடல் தழும்புத் திசுவால் ஒட்டிவிடுகிறது. ஆனால் நோவு போன அன்றே பலம் வந்துவிடுவதில்லை. ஒருமுறை காயப்பட்ட கால் மறுமுறையும் காயப்படும் வாய்ப்பு மிக அதிகம் என்பதை இன்றைய விளையாட்டு மருத்துவம் ஐயத்துக்கிடமின்றிக் கூறுகிறது.

நடுவே வரும் அந்த அபாயமான நாட்களுக்கு யார் பொறுப்பு? பழைய காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. கற்பித்தவரே காயத்துக்கும் பொறுப்பு.

மலையாள நாட்டுக் களரியை எடுத்துக்கொள்வோம். நிலத்தை அகழ்ந்து 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக அமைத்த அந்தக் குழிக்களரியில், மாணாக்கன் உடலெங்கும் எண்ணெய் பூசிக்கொண்டே பயிற்சிக்கு இறங்குவான். கர்க்கடக மாதம், அதாவது நமது ஆடி, மழையோடு வரும்போது உழிச்சில் நடைபெறும். மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு குருக்கள் தம் பாதத்தாலேயே மாணாக்கனின் உடலை மிதித்து உருவிவிடுவார். எந்தத் தசை இறுகியிருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்பதை அவர் பாதமே அறிந்துகொள்ளும். தெற்கே, 1956ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தோடு இணைந்த கன்னியாகுமரிப் பகுதியில், ஆசான் என்போர் 12 படுவர்மமும் 96 தொடுவர்மமுமாக 108 வர்மங்களைக் கணக்கிட்டனர். அடிக்கும் இடத்தைக் கற்றவர், அடிபட்டதை இளக்கும் முறையையும் கற்றேயாக வேண்டும். இல்லையேல் அவர் ஆசான் அல்லர்.

இது நம்மவர்க்கே உரிய தனிச்சிறப்பு என்று பெருமை கொள்வது பொருந்தாது. கி.பி. 157இல் பெர்கமம் நகரின் வாட்போர் வீரர்களுக்கு வைத்தியராக அமர்ந்த கிரேக்க இளைஞர் கேலன், தசைகளைப் பற்றிய தம் அறிவில் ஒரு பங்கை அந்தக் களத்தின் காயங்களிலிருந்தே பெற்றார். யப்பானில் 1877ஆம் ஆண்டளவில் கானோ ஜிகோரோ என்ற மாணவர் ஜுஜுத்சு கற்க விரும்பினார். மேனாட்டு நாகரிகம் பெருகிய அக்காலத்தில் ஆசிரியர் கிடைப்பது அரிதாயிற்று. அவர் என்ன செய்தார்? எலும்பு முறிவு வைத்தியர்களைத் தேடி அலைந்தார். பழைய மற்போர் ஆசிரியர் பலர் அத்தொழிலாலேயே பிழைத்துவந்தனர் என்பது அவருக்குத் தெரியும். தேடலும் வீண்போகவில்லை. 1882இல் அவர் நிறுவிய கொடோக்கானிலிருந்தே ஜூடோ பிறந்தது. 1920இல் யப்பானிய அரசு, ஜூடோ மரபைச் சேர்ந்த முறிவு வைத்தியத்தைச் சட்டபூர்வமான தொழிலாகவும் ஏற்றுக்கொண்டது.

நமது பக்கத்தில் நடந்தது வேறு. 1805இல் பழசி ராசா வீழ்ந்தபின் மலையாளத்துக் களரிகளும், 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபின் சிங்களவரின் அங்கம்பொரக் கலையும் தம்மைப் போற்றிய அரசர்களை இழந்தன. வைத்தியம் மட்டும் தனிவழியே பிழைத்தது. சிங்களவர் ‘கெடும் பிந்தும்’ என்றும், தமிழர் முறிவு நெரிவு என்றும் கூறும் வைத்தியம் குடும்பங்களில் தங்கியது. 1929இல் பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி தோன்றி, ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்றையும் கற்பித்தது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்களைப் பதிவேட்டில் சேர்த்தது. இவையெல்லாம் நல்லனவே. எனினும் பதிவேட்டில் வைத்தியர் இருந்தார், களம் இல்லை. பின்னர் கராத்தே கொழும்புக்கு வந்தபோது சீருடை வந்தது, பட்டி வந்தது, யப்பானிய மொழியில் எண்ணும் வழக்கமும் வந்தது. முறிவு வைத்தியம் உடன் வரவில்லை. அது ஜூடோவின் உடன்பிறப்பு, கராத்தேயினது அன்று.

பழையதெல்லாம் பிழையற்றதும் அன்று. புதிதாகக் கிழிந்த தசையை அழுத்தி உருவினால் உள்ளே இரத்தக்கசிவு மிகும். அவசரக் கை படக்கூடாத நாட்கள் உண்டு. புதியதும் தடுமாறியே வந்திருக்கிறது. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்தல் என்ற நான்கையும் 1978இல் எழுதிப் பரப்பிய அமெரிக்க வைத்தியர் கேப் மிர்கின், 2014இல் தம் கூற்றைத் தாமே திருத்தினார்: பனிக்கட்டி நோவைத் தணிக்கும், ஆனால் ஆறுதலைத் தாமதப்படுத்தவும் கூடும் என்றார். தாம் எழுதியதைத் தாமே மறுக்கும் துணிவு அரிது.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் கார்ல் ஆஸ்க்லிங் ஓட்டவீரரையும் நடனக்கலைஞரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். விரைந்தோடிக் கிழிந்த தசையை உடையோர் பழைய நிலையை அடைய ஏறத்தாழ 16 கிழமைகள் சென்றன. காலை அகல நீட்டிக் கிழித்துக்கொண்ட நடனக்கலைஞர்க்கு முதலில் நோவு குறைவு. ஆயினும் ஏறத்தாழ 50 கிழமைகள் வேண்டியிருந்தன. மெதுவாகக் காலை நீட்டிப் பயிலும்போது கராத்தே மாணவனின் கால் நடனக்கலைஞரின் காலையே ஒத்தது. மூன்று கிழமை எவ்வளவு அற்பமான காலம் என்பது இப்போது விளங்கும்.

ஓய்வு மட்டும் போதாது. டென்மார்க்கில் 942 உதைபந்தாட்ட வீரரைக் கொண்டு நடந்த ஒரு சோதனையின் முடிவு 2011இல் வெளியாயிற்று. அவர்களில் ஒரு பகுதியினர் எளிய அப்பியாசம் ஒன்றைச் செய்தனர்: முழந்தாளிட்டு, தோழன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல மெல்ல முன்னே சாயவிடுதல். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. இதைச் செய்தோரிடையே 15 காயங்கள், செய்யாதோரிடையே 52. பழைய காயம் மீள்வது அதனினும் பெரிதாகக் குறைந்தது. செலவு ஒரு சதமும் இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டு விறாந்தையிலும் செய்யலாம். ஆனால் நோவு தணிந்தபின், படிப்படியாக, அறிந்தவர் ஒருவர் அருகிருக்கச் செய்ய வேண்டும். அந்த அறிந்தவரைத்தான் நாம் வகுப்பிலிருந்து பிரித்துவிட்டோம்.

மாணவன் களத்துக்குத் திரும்பலாமா என்பதற்கு ஆஸ்க்லிங் வகுத்த இறுதிச் சோதனையும் எளியதே. முழங்காலை நிமிர்த்திக் கட்டி, மல்லாந்து படுத்த நிலையில், காலைத் தன்னால் இயன்ற வேகத்தில் உயர்த்தச் சொல்வார். நோவு இல்லாவிட்டாலும், ‘பயமாக இருக்கிறது’ என்று ஒருவன் சொன்னால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். சில நாட்கள் கழித்து மீண்டும் அதே கட்டிலில் சோதிப்பார்.