தட்டை வடையோடு பேர்லினுக்கு

என் மகள் லண்டனிலிருந்து தனியாகப் பேர்லின் பார்க்க வெளிக்கிடுகிறாள். "அப்பா, அப்ப நீங்கள் என்ன கொண்டு போனீங்கள்?" என்று கேட்டாள்.

நான் போனது 1984 இல். கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகக் கிழக்குப் பேர்லின். கிழக்கு ஜேர்மனி இடைவழி விசா தந்தது. பிரீட்றிக்ஸ்ராசை நிலையத்தில் ரயில் ஏறினால் மேற்குப் பேர்லின். மேற்குத் தரப்பு அந்தக் கோட்டை எல்லையாக ஏற்காததால், அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. அந்த இடைவெளியால் நுழைந்தவர்கள்தான் நாங்கள். 1985 யூலையில், மேற்கு ஜேர்மன் விசா இல்லாத தமிழருக்கு அந்த வழி அடைபட்டது. காசு சேரப் பிந்திய என் தம்பி படகேறி மண்டபம் முகாமுக்குப் போனான்.

அம்மா கட்டித் தந்தது பருத்தித்துறைத் தட்டை வடை. உழுந்தும் மாவும் பெருஞ்சீரகமும் பிசைந்து மொறுமொறுவென்று பொரித்தால் பல நாள் கெடாது. மொஸ்கோவில் தந்த கறுப்புப் பாண் எங்களுக்குப் புளித்தது. வடைதான் ஆறு பேருக்கும் சாப்பாடு. (அந்தப் பாணை இப்போது விரும்பித்தான் வாங்குகிறேன்!)

நாங்கள் கடந்த சோதனைக்கூடம் 2011 முதல் நூதனசாலை. பெயர், கண்ணீர் மாளிகை. மகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வடை கட்டிக் குடுத்தியோ?" என்றான்.

உழுந்து ஊறுகிறது.